சிவப்பு நூல் தைத்த கம்பளி

1974 மே 12, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு, போடி விடுதியிலிருந்து மனைவியுடன் மூணாறு பஸ் ஏறக் கிளம்பினேன்.

"ஏனுங்க, போர்வை எடுத்துக்கலாமுங்களா?"

"மே மாசத்துல போர்வையா?" என்று சிரித்தேன். எங்கள் கொல்லங்கோட்டு வெயிலை வைத்துப் போட்ட கணக்கு.

வெள்ளைக்காரர் காலத்துக் கல் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்கும்போது மழை பிடித்தது. ஆஸ்துமாக்காரியான மனைவிக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலமானது. எதிரே வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் தன் தலையிலிருந்த கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள்.

"வெயில் ஊருக்காரவுகளா? நல்லாக் கூட்டியாந்தீக! நாளைக்கு பஸ்ஸுல குடுத்து விடுங்க. மூலையில செவப்பு நூல் தச்சிருக்கேன், கண்டக்டருக்குத் தெரியும்."

நனைந்தபடியே போய்விட்டாள். மனைவிக்கு மூச்சு சீரானபோது, பெயர் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் கும்பிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்பளியை மூணாறு பஸ் நடத்துனரிடம் கொடுத்தேன். நூலைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த அக்கா மறுபடியும் குடுத்துட்டாகளா?"