பிரியாத இரண்டு செயற்கைக்கோள்கள்

ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு நான் ஒரு ராக்கெட் செய்தேன். அதன் உடம்பு முழுக்க நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள். எங்கள் ஊர் மண்ணரையில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் காலிக் கோனுக்குப் பஞ்சமே இல்லை.

அந்த ராக்கெட்டின் கதை மட்டும் நூலகப் புத்தகத்தில் படித்தது. ஊர்களின் மேல் குண்டு போடுவதற்கென்று அமெரிக்காக்காரர்கள் செய்த ஏவுகணை அது. குண்டுக்குப் பதிலாக அதன் தலையில் மூன்று செயற்கைக்கோள்களை அடுக்கி ஒரே தடவையில் அனுப்பினார்கள். எல்லாம் ராணுவ ஆராய்ச்சிக்குத்தான். மேலே போனதும் ஒன்று ஒழுங்காகக் கழன்றுகொண்டது. மற்ற இரண்டும் பிரியவே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசினால் பூமியில் ஒன்றும் கேட்காது. அதனால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்று முறை வைத்துப் பேசவிட்டார்களாம். பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அந்தச் சமயத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. எதற்காகச் சண்டை என்று இன்றைக்கும் யாரும் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை. யூனிட்டில் மூன்றடி தள்ளி நிற்கும் அண்ணனுக்கு, நூல் வண்டி வந்துவிட்ட செய்தியைச் சித்தப்பா என் மூலமாகத்தான் அனுப்புவார். அப்பாவும் காதில் விழாதவர் மாதிரி நின்று, நான் சொன்ன பிறகே தலையாட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளி மாமா எங்கள் வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேச வந்தார். அவன் இருக்கும் இடத்தில் நான் இருக்க முடியாது என்றார் அப்பா. சித்தப்பாவும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அப்படியானால் யூனிட்டை விற்றுவிடலாம் என்று மாமா முடித்தார். விற்றால் வெள்ளகோவிலுக்கே போய்விடுவதாகச் சித்தப்பா சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவர் அவர்தான். அவர் இல்லாத ஊரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். அடிஸ்கேலால் தொட்டுக் காட்டி, கண்காட்சியில் சொன்ன அதே ராகத்தில் முழுக்கதையையும் ஒப்பித்தேன். மாமாவுக்குச் சிரிப்பு. சித்தப்பா சிரிக்கவில்லை.

“ரெண்டும் கெட்டுப் போகலையா கண்ணு?”

“இல்லீங் சித்தப்பா. ரெண்டும் நல்லா வேலை செஞ்சுதுங்க.”

அப்பா குனிந்து ராக்கெட்டின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, தம்பியிடம் நேராகப் பேசினார்.

“திங்கள், புதன், வெள்ளி யூனிட்டை நீ பாத்துக்க. மத்த நாள் நான் பாத்துக்கறேன்.”

“சரீங்ண்ணா.”

யூனிட் விற்கப்படவில்லை. சித்தப்பா ஊரை விட்டுப் போகவும் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிரிய இருந்த அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்தவள் நான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மெஷின்கள் நிற்காமல் ஓடின. சித்தப்பா வழக்கம்போல என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார். தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார், வீட்டு வாசல் வரை வரமாட்டார். யூனிட் வாசலில் அவர்கள் இருவருடைய வண்டியும் ஒரே நாளில் நின்று அதன்பின் நான் பார்த்ததில்லை. முகத்தைப் பார்க்காமலே காலம் தள்ள அவர்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.