ஒன்பது மதிப்பெண் வாங்கிய மௌனம்

டொக்கு என்ற பெயரை அவளுக்கு வைத்தது தம்பிதான். சின்ன வயதில் எதைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாள். கதவு, தண்ணீர்த் தொட்டி, தகர டப்பா, ஒருமுறை கணக்கு வாத்தியாரின் வழுக்கைத் தலை. அதற்கு வாங்கிய அடி மறந்துவிட்டது, அதில் வந்த சத்தம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது வயது நாற்பத்தொன்று. ஒரு காது ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாகக் காது சோதனை செய்கிற வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஒன்றும் கேட்காமலேயே அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

தம்பி வீடியோ கேம் செய்கிறவன். கம்பெனி வேலையை உதறிவிட்டு, மூன்று வருஷமாகத் தன் அறைக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு கேமைச் செய்தான். எல்லாம் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் வரைந்த படம். பாழடைந்த ஒரு பெரிய கட்டடம், அதன் உச்சியில் எரியும் ஒரு விளக்கு, அதை நோக்கி மாடி மாடியாகத் தாவி ஏறுகிற நகத்தளவுப் பெண். வரைந்ததும் புரோகிராம் எழுதியதும் அவன். சத்தம் மொத்தமும் அக்கா. ஈரச் சாக்கை ஓட்டின் மேல் அறைந்து காலடிச் சத்தம் எடுத்தாள். பழைய சைக்கிள் செயினை வாளிக்குள் இறக்கி, துருப்பிடித்த லிப்டை நகர வைத்தாள். அறுநூற்றுப் பதினேழு சத்தங்கள், ஒன்றைக்கூட வெளியிலிருந்து வாங்கவில்லை.

அதில் முக்கியமானது மூச்சு. மற்ற கேம்களில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையோரம் ஒரு கோடு காட்டும். இதில் கோடு வேண்டாம், அந்தப் பெண்ணின் மூச்சே போதும் என்று சொன்னவள் டொக்கு. மூச்சு வாங்கினால் நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தாவினால் கை நழுவி விழுந்து சாவாள். அத்தனை மூச்சும் டொக்குவின் சொந்த மூச்சு.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே தாவலை ஒரு நாளில் இருநூறு தடவை தாவிச் சரிபார்க்க வேண்டும். இருநூறு தடவையும் அதே ‘தொப்’ சத்தத்தைக் கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் எல்லாச் சத்தத்தையும் அடைக்கிற ஒரு வரியைப் புரோகிராமில் எழுதி வைத்துக்கொள்வார்கள், வெளியே அனுப்பும்போது எடுத்துவிடுவார்கள். கேம் வெளிவருவதற்கு முன்பே விமர்சகர்கள் விளையாடிப் பார்க்கத் தனிப் பிரதி அனுப்ப வேண்டியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு திங்கட்கிழமை தம்பி அனுப்பினான். அந்த ஒற்றை வரியை எடுக்க மறந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஒம்போதுக்கா. பத்துக்கு ஒம்போது. ஒருத்தர் இல்ல, நாலு பேர்.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு விமர்சனங்களைப் படிக்க உட்கார்ந்தாள்.

‘இந்த ஆண்டின் ஆகத் துணிச்சலான முடிவு, முழு மௌனம்’ என்றது முதலாவது. ‘எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அவள் விழுந்து சாகிறாள், வாழ்க்கையைப் போலவே’ என்றது இரண்டாவது. மூன்றாவதில் அவள் பெயரே இருந்தது. ‘ஒலியமைப்பாளர் டொக்கு காட்டியிருக்கும் அடக்கம் மற்றவர்களுக்குப் பாடம்.’

அடக்கமாம். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் சாக்கையும் செயினையும் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு, ஒன்றுமே செய்யாததற்காகப் பாராட்டு. கேட்காமலேயே பட்டனை அழுத்துகிற கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒருவர் மட்டும் ஐந்து போட்டிருந்தார். ‘அவள் எப்போது சாவாள் என்றே தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது. ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன், என் காதில் கோளாறோ என்றுகூட யோசித்தேன்.’ முகம் தெரியாத அந்த மனிதருக்குக் கோவில் கட்டலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்த வரிய எடுக்காமத்தானே அனுப்பினே?”

தம்பி தலையைச் சொறிந்தான். “மறந்துட்டேன்க்கா. ஆனா பாரேன், நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு.”

“யாருக்குடா நல்லது?”

அவன் பூசி மெழுகப் பார்த்தான். கேமை வெளியிடும் கம்பெனிக்காரர் காலையிலேயே பேசிவிட்டாராம். மௌனம்தான் இப்போது கேமின் அடையாளம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறாராம். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரதி போக வேண்டும்.

“உன் சத்தத்த யாரும் தூக்கிப் போடலக்கா. செட்டிங்ஸ்ல ஒரு ஓரமா இருக்கும். வேணும்கிறவங்க ஆன் பண்ணிக்கட்டும்.”

“ஓரமா. நான் பெத்த பிள்ளைய ஓரமா நிக்க வைப்பே, நான் பல்ல இளிச்சுக்கிட்டுப் பாராட்ட வாங்கிக்கணும். அப்படித்தானே?”

“கோபத்துல பேசாதக்கா.”

“கோபத்துலதான் பேசுவேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த கேம சத்தத்தோட ஒரு தடவையாவது முழுசா ஆடியிருக்கியா?”

அவன் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினான். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்த முகம்.

விமர்சகர்கள் மேல் வந்த கோபம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் யாரோ எவரோ. இவன் கூடப்பிறந்தவன். அவள் அனுப்பிய ஒவ்வொரு சத்தத்தையும் நாலு நொடி தட்டிப் பார்த்துவிட்டு ‘சூப்பர்க்கா’ என்று எழுதியவன்.

“மூணு வருஷம்டா” என்றாள். குரல் உடைந்ததில் அவளுக்கே எரிச்சல் வந்தது. “உக்காரு. இப்பவே ஆடு. முடிச்சுட்டு, சத்தம் வேண்டாம்னு உனக்குத் தோணினா அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அவன் அந்த வரியை அப்போதைக்கு முடக்கி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். டொக்கு பக்கத்து அறையில் துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கட்டடத்தின் ஒவ்வொரு கல்லும் அவன் வைத்தது, கண்ணை மூடிக்கொண்டே ஏறிவிடுவான். அரை மணி நேரம் பட்டன்கள் படபடத்தன. பிறகு நின்றன.

எட்டிப் பார்த்தாள். ஆறாவது மாடி. அவன் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். திரையில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு ஓய்வு கொடுத்திருந்தான். மூன்று வருஷத்தில் மூச்சைக் கேட்டு அவன் அதைச் செய்தது அதுவே முதல் தடவை.

“இந்த மூச்ச எங்கேக்கா எடுத்தே?”

“அப்பாவ நெஞ்சு வலின்னு சேர்த்த அன்னிக்கு. லிப்ட் ஓடல. ஆறு மாடியும் படி. மேல போனா அப்பா இருப்பாரா மாட்டாரான்னு தெரியல, அத நினைக்காம இருக்க ஏதாவது வேலை வேணும்னு ரெக்கார்டர கையில பிடிச்சுக்கிட்டே ஏறினேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ அந்தக் கம்பெனிக்காரரோட மீட்டிங்ல இருக்கேன்னு போன கட் பண்ணின நாள்.”

அப்பா பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றி அக்காவும் தம்பியும் அதற்குமுன் ஒருநாளும் பேசியதில்லை. அவன் ஹெட்போனைக் கழற்றாமலேயே புரோகிராமைத் திறந்து, அந்த வரியை அவள் கண் முன்னால் அழித்தான். கம்பெனிக்காரர் நாலு தடவை கூப்பிட்டார். நாலாவது தடவை போனை எடுத்து, “சத்தம் இருக்கும் சார், இல்லேன்னா கேமே இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தான். அவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கடைசியில் வழிக்கு வந்தார்.

டொக்குவின் கோபம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஒரு மாதம் அவனோடு அளந்துதான் பேசினாள்.

கேம் வெளிவந்ததும் புகழ்ந்தவர்களில் இரண்டு பேர் திருத்தி எழுதினார்கள். ஒன்பது ஏழாக இறங்கியது. ‘அந்த மூச்சு ஓயாமல் நச்சரிக்கிறது, ஆட்டத்தை நிறுத்திய பிறகும் காதை விட்டுப் போகவில்லை’ என்று ஒருவர் குறைபட்டிருந்தார். தம்பி அதை அவளுக்குக் காட்டாமல் மறைக்கப் பார்த்தான். அவள் போனைப் பிடுங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“ரெண்டு மார்க் போச்சேக்கா” என்றான்.

“போகட்டும். திட்டறதுக்காவது இந்த ஆளு கேட்டிருக்கான்” என்று சொல்லி போனை அவன் கையில் திணித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.