ஆப்பிரிக்காவுக்கு ஒரு பங்கு ஊசி

எங்க ஊர்ல கெடா வெட்டினா, வெளியூர் போனவனுக்கும் ஒரு பங்கு கறி எடுத்து வெப்போமுங்க. அவன் வராட்டியும் அவனூட்டுக்குப் போய்ச் சேர்ந்துரும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா பங்கு பிரிக்கறதுல என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாது.

கொரோனா சமயத்துல என் பையன் ஆப்பிரிக்காவுல போர்வெல் வண்டியில இருந்தான். கூட வேலை செய்யறவனுக்குக் காய்ச்சல், இங்க இன்னும் ஊசியே வரலைன்னு போன்ல சொன்னான். எனக்குச் சோறு எறங்கலை. இங்கயானா, அன்னூருக்குப் பக்கத்துல எங்கூர்ப் பள்ளிக்கூடத்துலயே கேம்ப் போட்டு, வாங்க வாங்கன்னு மைக்குல கூப்பிடறாங்க.

தூக்குப்போசியில ஐஸ்கட்டி போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன்.

"கண்ணு, எனக்கு வேண்டாம். என் பங்கை இதுல ஊத்திக் குடு. பையனோட கம்பெனிக்காரர் நாளைக்குப் பிளேன் ஏறறாரு."

நர்சம்மா போசியைப் பார்த்தா. "இதென்ன மோருங்களா அம்மா, ஊத்திக் குடுக்க?"

"மோருக்கு உங்கிட்ட எதுக்கு வாரேன்? எங்கூட்லயே ரெண்டு எருமை நிக்குது."

அந்தப் பிள்ளை பொறுமையாச் சொன்னா. ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்தாமா. திறந்தா அப்பவே போட்டுத் தீர்க்கோணுமாமா, அதனால பத்துப் பேரு சேர்ந்தாத்தான் திறப்பாங்களாமா. பெஞ்சுல ஒம்பது பேரு காத்திருந்தாங்க. பத்தாவது நான்.

"ஏனுங்க அம்மணி, நீங்க ஆப்பிரிக்காவுக்குப் பார்சல் கட்டி முடிக்கறவரைக்கும் நாங்க இங்கயே குந்தியிருக்கோணுமுங்களா?" பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டாரு.

"உங்க பையன் அங்கிருந்தா நீங்க அண்டாவே கொண்டாந்திருப்பீங்க."

பக்கத்துல அவரு சம்சாரம் இளைப்புல மூச்சு வாங்கிட்டு இருந்தாங்க. அதைப் பார்த்துத்தான் கையை நீட்டினேன், தோத்துப்போய் இல்லைங்க.

"அங்கயும் பங்கு போகோணும்னு மேல சொல்லிவிடு கண்ணு."

"சொல்லிப்போடறனுங்க."

கொண்டுபோன ஐஸ் கைக்கு ஒத்தடம் குடுக்க ஆச்சு.

ரொம்ப மாசம் கழிச்சுப் பையன் கூப்பிட்டான். ஊசி போட்டாச்சாம். "பாட்டில்ல நம்ம நாட்டுப் பேருதான் இருந்துச்சும்மா."

"பின்ன, நாந்தான சொல்லிவிட்டேன்? அன்னைக்கே போசியில ஊத்திக் குடுத்திருந்தா இத்தனை மாசம் ஆயிருக்காது."