வேன் கேட்ட அன்று எல்லாரும் வந்திருந்தார்கள்

கல்யாண வீட்டில் யாராவது என் வேலை என்ன என்று கேட்டால், பந்தி முடிவதற்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை. குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் கேட்டு நிதி வாங்கி வரும் பிரிவுக்கு நான்தான் தலைமை. இதைக் கேட்டதும் என் பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

“அப்ப கவர்மெண்ட் வேலதான்னு சொல்லு.”

“இல்ல பெரிம்மா, கவர்மெண்ட்டுகிட்ட கேக்குற வேல.”

மலர்ந்த முகம் அப்படியே வாடிவிடும். “இதுக்கா எம்.ஏ. படிச்ச?”

இந்த வேலைக்கு எம்.ஏ. தேவையில்லைதான். உட்காரத் தெரிய வேண்டும். அதிகாரிகளின் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில், முகத்தில் சலிப்புக் காட்டாமல் உட்காரத் தெரிய வேண்டும். எனக்கோ பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கக்கூடப் பொறுமை கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்துதான் கொஞ்சம் திருந்தினேன். திங்கட்கிழமை போகவே கூடாது, அது மனு நாள். மாவட்டமே அங்கே திரண்டிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போனால் எந்தக் காகிதமும் நகராது. சாப்பிட்டு வந்து வெற்றிலை போடும் மனிதர் என்றால் தைரியமாக உள்ளே போகலாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடமும் ஒன்றே ஒன்றுதான்: அழுத பிள்ளைக்குத்தான் பால். இல்லாததை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது மட்டும் வரவே வராது.

எங்கள் மையம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. நடக்க முடியாத, கை கால் சரியாக இயங்காத பிள்ளைகள் பகலில் வந்து பயிற்சி எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, விளையாடி, சாயங்காலம் வீடு திரும்புவார்கள். ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து வருவார்கள், ஜெயங்கொண்டம் ரோட்டிலிருந்தும் வருவார்கள். அவர்களை ஏற்றி வந்த வேன் ஒருநாள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில், ஏற்றத்தில் நின்றுபோனது. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார். பிறகு செத்த வீட்டில் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு, “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க மேடம்” என்றார்.

அதிலிருந்து மையம் பாதி காலி. பயிற்சி நின்றால் பிள்ளைகளுக்குக் கை கால் மறுபடி இறுகிவிடும். முட்டி போட ஆரம்பித்திருந்த ஒரு பையன் திரும்பப் பாயோடு பாயாகிவிட்டான் என்று கேட்ட அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எப்பாடு பட்டாவது ஒரு புது வேன் வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

எத்தனையோ பெஞ்சுகளுக்குப் பிறகு ஒரு பொதுத்துறை நிறுவனம் காது கொடுத்தது. நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். அதற்காகத் திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே நானும் அதே காரில் ஏறிக்கொண்டேன். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். வழியெல்லாம் அழுத பிள்ளையாகவே வந்தேன்.

“வேன் நின்னதுலேருந்து பாதிப் பிள்ளைங்க வர்றதே இல்ல சார். பாய் எல்லாம் சுருட்டியே கிடக்குது. பாத்தீங்கன்னா உங்களுக்கே மனசு தாங்காது.”

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மையத்து வாசலில் கார் நின்றது. மாக்கோலம். வாழைமரம். உள்ளே போனால், ஒரு பாய்கூடச் சுருட்டியிருக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் வந்திருந்தார்கள்! தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் விபூதியும் பொட்டுமாக, தீபாவளிச் சட்டையில் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாயோடு பாயாகிவிட்டான் என்று கேட்ட அந்தப் பையன்கூட முன்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பெற்றவர்கள் சுவரோரம் கைகூப்பி நின்றார்கள்.

மையப் பொறுப்பாளரான டீச்சரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“என்ன டீச்சர் இது?”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. “நேத்தே எல்லா வூட்டுக்கும் போன் பண்ணிட்டோம் மேடம். ஆபீசர் வர்றாருன்னதும் ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல. ஒருத்தர் குட்டியானைல ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. முந்திரி லோடு ஏத்துற வண்டிதான், கழுவிட்டுக் கொண்டாந்தாரு. பால் வண்டி ஒண்ணு, ஆட்டோ ரெண்டு. மத்தவங்க பைக்குல நடுவுல வச்சுக்கிட்டு வந்துட்டாங்க.”

“வேன் இல்லாததால பிள்ளைங்க வரலன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன் டீச்சர்!”

“அதுக்காக? அவ்வளவு தூரத்துலேருந்து வர்ற மனுசனுக்கு வெறும் ரூமையா காட்டுறது? மரியாதையா இருக்குமா மேடம்?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணாரப் பார்த்தேன். ஆனால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் இதே கதைதான். விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கஷ்டத்தைப் பேச ஆரம்பிப்போம்.

அதிகாரி ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து பெயர் கேட்டார். அன்றைக்கு எல்லாரும் ஆஜர் என்று எழுதியிருந்த வருகைப் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். வண்டி இல்லாமயே இவ்வளவு நல்லா நடத்துறீங்க.” கொஞ்சம் தயங்கினார். “தப்பா நினைக்காதீங்க. இதைவிடச் சிரமத்துல இருக்குற மையத்துலேருந்தும் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு முதல்ல குடுக்குறதுதானே நியாயம்?”

இன்றைக்கு மட்டும்தான் சார் இப்படி, உங்களுக்காகத்தான் வந்தார்கள் என்று குட்டியானையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவர் மரியாதையாகச் சிரித்தார். நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். நாளைக்கு வேறு ஊர் என்றார். என் கண்முன்னாலேயே வேன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பிடாமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்று டீச்சர் இலை போட்டுவிட்டார். தனி மேசை வேண்டாம் என்று அதிகாரி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சின்ன வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், கேசரி. நானும் எதிரே உட்கார்ந்தேன்.

அவருக்குப் பக்கத்தில் ஆலத்தியூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். பத்துப் பதினொரு வயதிருக்கும். குச்சிபோலக் கையும் காலும். பேச்சு வராது, ஆனால் கேசரி என்றால் கண் பேசும். ஒரு வாய் வாங்கியதும் கையால் தரையைத் தட்டினாள். இன்னொரு வாய். மறுபடி தட்டினாள். பரிமாறுகிற அக்கா கரண்டியோடு குனிந்தபோது அந்த அம்மா இலையின்மேல் கையை விரித்து மறைத்தார்.

“போதும்க்கா.”

பிள்ளை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி, “போடட்டும்மா, ஆசையாக் கேக்குதுல்ல?” என்றார்.

“வேணாங்க சார். ஒடம்பு வச்சுட்டாள்னா என்னால தூக்க முடியாதுங்க.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அந்த அம்மா கடையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்:

“ரெண்டு பஸ்சு மாறணுங்க. படில ஏத்தி எறக்கணும், எடம் இல்லன்னா இடுப்புலயே வச்சுக்கிட்டு நிக்கணும். வேன் இருந்தப்ப நல்லாத்தான் தின்னுக்கிட்டிருந்தா. இப்ப அரை வயித்துக்குத்தான் போடுறேன். இதுக்கு மேல கனத்தா இங்க தூக்கியார முடியாது, வூட்டுலயே கெடந்துருவா. அதான்.”

பிறகு பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டார். அவர்கள் ஊரிலிருந்து அன்றைக்கு வண்டி எதுவும் அமையவில்லை. அன்றும் இரண்டு பஸ் மாறித்தான் வந்திருந்தார்.

அந்தப் பிள்ளை மெலிகிறாள் என்று சத்துமாவுப் பொட்டலம் கொடுத்தனுப்பி, தவறாமல் கொடுங்கள் என்று அதட்டியதே நான்தான். அப்போதெல்லாம் அந்த அம்மா சரிங்க மேடம் என்று வாங்கிக்கொண்டு போவார். இல்லாததை இல்லை என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. அன்றைக்கும் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, கேசரி ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம்தான் சொன்னார்.

அதிகாரி இலையை மடித்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“வண்டியில சக்கர நாற்காலி ஏத்துறதுக்குச் சாய்வுப் பலகை வேணும்ல? உங்க மதிப்பீட்டுல அது இல்லியே. அதையும் சேர்த்து எழுதி அனுப்புங்க மேடம். சீக்கிரம் அனுப்புங்க.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேன் உடனே வந்துவிடவில்லை. அதற்கும் சில பெஞ்சுகள் மிச்சமிருந்தன. வந்த அன்று பூமாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம், வேனைவிடப் பெரிதாக ஒரு பேனர் எல்லாம் உண்டு. பேனரில் எல்லார் படமும் இருந்தது, பிள்ளைகள் படத்தைத் தவிர. வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு சண்டை போடுவேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அதன்பின் வேறு மாவட்டம், வேறு பெஞ்சு என்று அலைந்ததில் மையத்துப் பக்கம் போகவே முடியவில்லை. ஒருநாள் காலையில் போனபோது வேன் அப்போதுதான் வந்து நின்றது. சாய்வுப் பலகையில் சக்கர நாற்காலி ஒன்று மெதுவாக இறங்கியது. அந்தச் சிறுமிதான். கன்னம் உப்பியிருந்தது. பின்னாலேயே அவள் அம்மா இறங்கினார். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மேடம், இவளக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்.”

பையை அங்கேயே போட்டுவிட்டுக் குனிந்தேன். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். நாற்காலியை விட்டு ஆள் அசையவில்லை. தம் கட்டி இன்னொரு தரம் தூக்கினேன். இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சிறுமி என் காதருகே கெக்கெக்கே என்று சிரித்தாள்.

“முடியலல்ல?” என்றார் அந்த அம்மா, வாயெல்லாம் பல்லாக. “எனக்கும் முடியல மேடம்!”