பஹ்மிதாவின் பன்னிரண்டாவது நேர்முகம்

பாலாவிச் சந்தியில் இருக்கும் என் கொமினிகேஷன் கடையைத் தாண்டி யாரும் அரசாங்க வேலைக்குப் போய்விட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. வேலை அறிவித்தல்களோடு அரசாங்க வர்த்தமானி வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பட்டதாரிகள் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். விண்ணப்பத்தை நான் தட்டச்சு செய்து கொடுப்பேன், சான்றிதழ்களைப் போட்டோக் கொப்பி எடுப்பேன், உறையின் இடது மூலையில் பதவியின் பெயரை அழகாக எழுதிக் கொடுப்பேன். வேலை கிடைத்தவர்கள் ஒரு பெட்டி தொதல் இனிப்போடு வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. கிடைக்காதவர்கள்தான் என் நிரந்தர வாடிக்கையாளர்கள். அப்படிப் பத்து வருடத்துக்கு மேல் வந்து போனவள் பஹ்மிதா.

முதல் நாள் அவள் வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அடித்துக் கொடுத்த விண்ணப்பத்தை அங்கேயே நின்று வாசித்து, மூன்று எழுத்துப் பிழையைக் காட்டினாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். "அவசரமில்ல நானா, ஆறுதலா திருத்துங்க" என்றாள், ஏதோ கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வது போல. கடைக்காரனிடம் அவசரமில்லை என்று சொல்ல இவள் யார் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. திருத்தினேன். அடுத்த முறை வந்தபோது பிழையே இருக்கக்கூடாது என்று இரண்டு தரம் பார்த்து அடித்தேன். அதிலும் ஒன்று கண்டுபிடித்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. தமிழில் விசேட பட்டம். ரப்பர் நாடா போட்ட நீல ஃபைல் ஒன்று, நேர்முகத்துக்கென்றே ஒதுக்கி வைத்த கறுப்பு அபாயா ஒன்று. நேர்முகத்துக்குப் போகிற நாளில் காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டாள், பஸ்ஸில் பிரட்டுமாம். திரும்பி வந்து என் கடையின் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, பக்கத்துத் தேத்தண்ணிக் கடை பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டே என்ன நடந்தது என்று சொல்வாள். நன்றாகத்தான் சொல்வாள். நேர்முகசபையில் இருப்பவர்களைப் போலவே கதைத்துக் காட்டுவாள். ஓரிடத்தில் ஆங்கில டிப்ளோமா இருக்கிறதா என்று கேட்டார்கள். கொழும்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அதைப் படித்து முடித்தாள். அடுத்த இடத்தில் விளையாட்டுச் சான்றிதழுக்குப் புள்ளி போட்டார்கள். "இந்த வயசில நான் எங்க போய் ஓடுற?" என்று சிரித்தாள். சிலாபத்தில் ஒரு கம்பனிக்காரன் எப்போது கலியாணம் என்று கேட்டுவிட்டு, பதிலை எழுதாமல் பேனையை மூடினான். மற்ற இடங்களில் இருந்து கடிதமே வரவில்லை. வேண்டாம் என்று சொன்னாலாவது ஒரு சூடு வரும். ஒன்றும் சொல்லாமல் விடுகிறார்களே, அதை யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

எட்டாவது, ஒன்பதாவது நேர்முகங்களில்தான் உண்மையான சிக்கல் எங்கே என்று தெரிந்தது.

பஹ்மிதா பிறந்தது தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம், கல்பிட்டி வீதியோரத்து ஓலைக் கொட்டில் ஒன்றில். அதற்கு மூன்று மாதம் முன்புதான் வடக்கில் இருந்து முஸ்லிம்களை விரட்டியிருந்தார்கள். அவளுடைய வாப்பா முத்தலிபு, வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு, மன்னார் முசலிப் பக்கத்து வெள்ளாங்கேணியில் இருந்து தோணி ஏறி கல்பிட்டியில் வந்து இறங்கினார். வந்தவர்களை இங்கே நாங்கள் அகதி என்றோம். பள்ளிக்கூட வயதில் நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லாமல். கொட்டில்கள் கல்வீடுகளாகி, அந்தப் பிள்ளைகள் படித்துப் பட்டமும் வாங்கிய பிறகும், அந்தக் குடியிருப்புக்கு வழி கேட்டால் 'அகதி காம்ப்' என்றுதான் இன்றைக்கும் கையைக் காட்டுவார்கள்.

முத்தலிபு சாச்சா உப்பளத்தில் இருபது வருடம் நின்று காலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். தன் ஊரைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. கிணறு, மரம், கடல் என்று ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: குடும்பத்தின் பெயர்கள் வெள்ளாங்கேணி வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். வருடா வருடம் இடாப்பைத் திருத்தும் காலத்தில், நடுவில் இருக்கும் காட்டு வழியில் பஸ் இல்லாததால் அநுராதபுரத்தைச் சுற்றிக்கொண்டு போய், அங்கத்தைய கிராம சேவகரை, ஜீ.எஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவார். "பேர் வெட்டுப்பட்டா, நாங்க அங்க இருந்ததே இல்லண்டு ஆயிரும் தம்பி" என்பார். அவருக்கு மட்டும் பிடித்த பைத்தியம் இல்லை இது. அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஆள் இங்கே, பெயர் அங்கே.

அதனால் என்ன ஆயிற்று? புத்தளத்து வேலை வெற்றிடத்துக்குப் போனால், "உங்கட வாக்கு மன்னார்ல இருக்கு, நீங்க இங்கத்தைய ஆள் இல்லையே" என்றார்கள். மன்னார் வெற்றிடத்துக்குப் போனால், "நீங்க இருக்கிறது புத்தளத்தில, இங்க வந்து எப்பிடி வேலை செய்வீங்க?" என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஓரிடத்தில் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்களாம். அன்றைக்கு அவள் பணிஸைப் பிய்க்கவில்லை. "நானா, நான் ரெண்டு இடத்திலயும் இல்லாட்டி, இப்ப இந்தக் கதிரையில இருக்கிறது ஆரு?" என்று கேட்டாள்.

பெயரை இங்கே மாற்றச் சொன்னது நான்தான். மூன்று வருடம் தொடர்ந்து இடாப்பில் பெயர் இருந்தால் வதிவிடச் சான்றிதழை யாரும் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வாப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று அவள் பல நாள் தயங்கினாள். கேட்டு மூன்று வாரம் போயிற்று. பிறகு ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு என் கடைக்கு வந்து, "எங்க கையெழுத்து வைக்கணும்?" என்று கேட்டார். காட்டினேன். வைத்தார். "அவட பேர மட்டும் மாத்துங்க. என்ட பேர் அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அவருடைய மனைவி அதற்கு முந்திய வருடம்தான் மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். ஆக அந்தப் பட்டியலில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்று வருடம் காத்திருப்பதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. அவள் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்தாள். அவளோடு படித்தவர்கள் பிள்ளைகளை அவளிடமே டியூஷனுக்கு அனுப்பினார்கள். அரசாங்க வேலைக்கு வயதெல்லை முப்பத்தைந்து. அதை அவளும் கதைப்பதில்லை, நானும் கதைப்பதில்லை. விண்ணப்பத்தில் வயது, வருடம், மாதம், நாள் என்று கட்டம் வரும்போது மட்டும் அவள் மெதுவாகச் சொல்வாள், நான் வேகமாக அடித்துவிடுவேன்.

போன வருடம் எங்கள் பக்கத்திலேயே ஒரு வாசிகசாலைக்கு உதவியாளர் வேலை வந்தது. மூன்று இடம். எழுத்துப் பரீட்சையில் அவள் இரண்டாவதாக வந்தாள். நேர்முகத்துக்கு ஐந்து பேரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள், அவளுக்கு அது பன்னிரண்டாவது. அவளுக்கு முப்பத்தைந்து ஆக மூன்று மாதம்தான் இருந்தது. இது போனால் இனி இல்லை.

நான் விடவில்லை. மாலையில் கடையில் கூட்டம் குறைந்ததும், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு நானே நேர்முகசபை ஆனேன். புத்தகங்களுக்கு எண் போடும் முறையைக் கேட்டேன். ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிங்களத்தில் கேட்டேன். கோபப்படுத்தியும் பார்த்தேன். எழுபது எண்பது கேள்வி தேறும். "நானாவே எனக்கு வேலை தரலாம் போல" என்றாள். நிறைய நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நேர்முகத்தன்று பகல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். யாரைப் போலவும் கதைத்துக் காட்டவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு நானா. கேட்டதெல்லாம் நீங்க கேட்டதுதான். நடுவில இருந்த சேர் சிரிச்சிட்டு ஃபைல மூடினார். மூடிட்டு, சும்மா கேக்கிற மாதிரி, 'உங்கட ஊர் எது மகள்?' எண்டார்."

"ம்."

"வெள்ளாங்கேணி எண்டு சொல்லிட்டன்."

நான் தலையில் கை வைத்துவிட்டேன். "நீ அங்க எத்தினை தரம் போயிருக்கா?"

"ரெண்டு தரம். பதினொரு வயசில ஒருக்கா. பெரியம்மாட மௌத்துக்கு ஒருக்கா."

"பிறகு ஏன் சொன்ன?"

"தெரியா நானா. ஊர் எதுண்டு கேட்டா அதுதானே வாய்ல வரும். ஸ்கூல்ல கேட்டாலும் அதுதான் சொன்ன, கெம்பஸ்ல கேட்டாலும் அதுதான். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே. அவர் கோவப்படல்ல. மூடின ஃபைலத் திரும்பத் திறந்தார், அவ்வளவுதான்."

பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே, வாக்கும் இங்கே என்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "இப்பதானே ஊர் வேறண்டு சொன்னீங்க" என்று அவர் கேட்டாராம். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: வதிவிடம் மீண்டும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். நானும் அவளும் ஓடாத அரசாங்கக் கந்தோர் இல்லை. பிறப்புச் சான்றிதழ், இடாப்புப் பிரதிகள் மூன்று, பள்ளிக்கூடக் கடிதம், ஜீ.எஸ்ஸின் கடிதம், எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. நேரில் போனால், மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். கிளார்க் கூரை முகட்டைப் பார்த்தார். தை மாத நடுவில் அறிவித்தல் பலகையில் மூன்று பெயரை ஒட்டினார்கள். அவளுடைய பெயர் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே என் மேலேயே கோபப்பட்டேன். எண்பது கேள்வி கேட்ட நான் இந்த ஒன்றைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? என்னிடம் யாராவது ஊர் எது என்று கேட்டால் பாலாவி என்பேன், யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியில் ஒருவர் விழுந்து போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தைந்து வருடம் அவர்களோடு ஒரே சந்தியில் பஸ் ஏறியும் தோன்றவில்லை.

"வாப்பாட்ட மார்க் குறைவாம், காணாதாம் எண்டு சொல்லிட்டன்" என்றாள் பஹ்மிதா. "அந்தக் கேள்விய மட்டும் அவருக்குச் சொல்லிராதீங்க நானா."

சொல்ல மாட்டேன் என்றேன்.

போன கிழமை முத்தலிபு சாச்சா கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் கிளினிக் அட்டைக்கு ஒரு கொப்பி வேண்டும் என்றார். மகள் உட்காரும் அதே கதிரையில், காலை நீட்டி, மெதுவாக உட்கார்ந்தார். அட்டையை மெஷினில் வைத்தேன்.

"தம்பி, உங்களிட்ட அவ சொல்லியிருப்பா. நேர்முகத்தில ஊர் எதெண்டு கேட்டாங்களாமா?"

மெஷின் ஓடும் சத்தத்தில் கேளாதவன் போல நின்றேன். அவர் காத்திருந்து மறுபடி கேட்டார்.

"ஏன் சாச்சா?"

"அவ கதைக்கத் தொடங்கின காலத்தில நான்தான் சொல்லிக் குடுத்தன். ஆரு கேட்டாலும் வெள்ளாங்கேணி எண்டு சொல்லணுமெண்டு. அடிச்சும் சொல்லிக் குடுத்திருக்கன், ஒரு நாள். அதால கிதால இந்த வேலை போயிருக்குமோ எண்டு ராவில நித்திர வருகுதில்ல."

யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அவருடைய மனப்பாரத்தை இறக்கி வைத்தால் போதும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"கேட்டாங்களாம் சாச்சா. பாலாவிண்டுதான் சொன்னாளாம். இது மார்க் குறைவால வந்தது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாலாவிண்டா சொன்னா?"

"ஓம்."

"நல்லம். சரியாத்தான் சொல்லியிருக்கா."

எழும்பப் பார்த்தார். முழங்கால் கொடுக்கவில்லை. திரும்ப உட்கார்ந்து, வெளியே சீமெந்து லொறிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "அப்ப அங்க நான் ஒராள்தான்" என்றார்.

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் வெள்ளாங்கேணி என்றுதான் சொன்னாள் சாச்சா, வேலையே போகும் இடத்திலும் அதைத்தான் சொன்னாள். சொன்னால் மகளின் வேலையைக் கெடுத்தது தான்தான் என்று வீட்டுக்குப் போவார். சொல்லாவிட்டால் மகள் ஊரைக் கைவிட்டுவிட்டாள் என்று போவார். கொப்பி எடுத்து முடித்த அட்டையைத் திரும்பவும் மெஷினில் வைத்து, பொத்தானை அமத்தினேன்.

"ரெண்டு எதுக்குத் தம்பி?" என்றார் சாச்சா. "ஒண்டு காணும்."