அமராவதி அணையில் கேட்ட குரல்

இன்று அமராவதி அணையில் பாய்ப்படகுப் பந்தயம். மூன்று பேர் உட்காரக்கூடிய எங்கள் சின்னப் படகில் நானும், காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் என் மச்சானும் மட்டும்.

நடு அணையில் காற்று வெறிபிடித்ததுபோல் அடித்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மற்ற படகுகள் வெகுதூரம் பின்தங்கிவிட்டன.

"தலையக் குனிங்க!" என்று காதருகே ஒரு குரல்.

குனிந்தேன். பாயின் அடியில் கட்டிய குறுக்குக் கம்பம் என் முடியை உரசிக்கொண்டு மறுபக்கம் சுழன்றது. நிமிர்ந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும்.

முதலாவதாகக் கரை சேர்ந்தோம்.

"நல்லவேளை கத்துனீங்க மச்சான்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "நானுங்களா? நீங்க கத்துனீங்கன்னுதானுங்க நானும் குனிஞ்சேன்."

இருவரும் படகைத் திரும்பிப் பார்த்தோம். பாய் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு எங்களோடு யார் வருகிறீர்கள்? படகில் ஓர் இடம் காலி என்றுதான் நினைக்கிறேன்.