கொழும்புக்குப் போன பைல்

மகள் விதுர்ஷாவுக்குக் கொழும்புக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்ததும் வினாயகமூர்த்தியின் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அவர் மட்டும் நீலநிற பைல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கிராம சேவகர் வீட்டுக்கும் போட்டோ கொப்பிக் கடைக்குமாக அலைந்தார். இரண்டு கிழமையில் அது தலையணை அளவுக்குப் பருத்துவிட்டது. பிறப்புப் பத்திரம், இவர் என் பிரிவில் வசிப்பவர் என்ற கிராம சேவகரின் கடிதம், வீட்டாரின் பெயர்ப் பட்டியல் என்று எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதிகள்.

"இவ்வளவும் என்னத்துக்கு? கம்பஸ்ல கேக்கல்லயே," என்றாள் மனைவி யோகமலர்.

"கொழும்புக்கெல்லோ போறம்," என்றார்.

மனுஷன் பயந்தாங்கொள்ளி இல்லை. வவுணதீவு வயல் வட்டைக்குள் யானை இறங்கினால் முதல் ஆளாக வெடி கொளுத்திப் போடுகிறவர் அவர்தான். கொழும்பு என்ற பேருக்கு மட்டும்தான் பயப்படுவார்.

ஏறாவூர் றமீஸின் வேனில் மூவரும் புறப்பட்டார்கள். புனானை வந்ததும் வினாயகமூர்த்தி பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். சண்டைக் காலத்தில் அங்கே இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி நடந்துதான் அப்பால் போக வேண்டும். இப்போது அந்த இடத்தில் ஒரு மாடு படுத்துக் கிடந்தது.

"என்ன அண்ணன், மாட்டுக்கிட்ட ஐடென்டிக் கார்ட் காட்டப் போறீங்களா?" என்றான் றமீஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் வேன் வெலிக்கந்தை தாண்டும்வரை கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

கொழும்பில் மகளின் பெட்டிகளை அவள் தங்கப்போகும் போடிங்கில் இறக்கி வைத்த கையோடு, "வாங்க, பொலிசில பதிஞ்சிட்டு வருவம்," என்றார். விதுர்ஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றாலும் பின்னால் போனாள்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த இளம் பெண் கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. வினாயகமூர்த்தி பைலை மேசையில் வைத்து, தன் அடையாள அட்டையையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"ஐயா, இப்ப அப்பிடி ஒண்டும் பதியிறதில்ல."

அவர் அசையவில்லை. அவள் உள்ளே போய் வயதான சார்ஜன்ட் ஒருவரைக் கூட்டி வந்தாள். சார்ஜன்ட் பைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் காலம் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையை உள்ளே செருகி, பைலை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் முடிஞ்சுதாம் ஐயா. பயமில்லாமப் போகட்டாம்," என்று கொன்ஸ்டபிள் தமிழில் சொன்னாள்.

"அப்ப, பதியத் தேவையில்ல எண்டு ஒரு கடிதம் தரேலுமா? சீல் வச்சு?"

விதுர்ஷாவுக்கு மானம் போய்விட்டது. "அப்பா, வாங்க!" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

மனதை ஆற்ற றமீஸ் அவர்களைக் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கொண்டுபோனான். யோகமலர் இறால் வடை வாங்கிக் கொடுத்தாள். "இதெல்லாம் ஒரு இறாலா? நம்மட வாவி இறாலுக்குக் கிட்ட வருமா?" என்று தொடங்கிய வினாயகமூர்த்தி பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருபத்திரண்டு வயசில பாஸ்போட் எடுக்க வந்தன். அப்ப நம்மட தமிழாக்கள் கொழும்புக்கு வந்தா, வந்த அண்டைக்கே பொலிசில பதியோணும். களைச்சுப் போனன், நாளைக்குப் பாப்பம் எண்டு லொட்ஜில படுத்திட்டன். ராவோட ராவா வந்து பிடிச்சு, பதினேழு நாள் உள்ளுக்க வச்சிருந்தாங்க. எங்கட அப்பா கிராம சேவகர்ர கடிதத்தோட வந்துதான் என்ன வெளிய எடுத்தவர்." வடை கையிலேயே இருந்தது. "உன்ன ஒரு கடதாசியும் இல்லாம விட்டுட்டு எப்பிடிப் புள்ள போறது?"

இருபத்தைந்து வருசம் கூட வாழ்ந்த யோகமலரும் இதை அன்றைக்குத்தான் கேட்டாள். விதுர்ஷாவுக்குப் பொலிஸ் நிலையத்தில் தான் பட்ட வெட்கத்தை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"பைல என்னட்டத் தாங்கப்பா. தலைமாட்டிலயே வச்சிருப்பன்."

அவர் இரண்டு முறை கொடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாம் முறை கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வரும்போது புனானையில் அவர் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பை வெறுமையாக இருந்தது. சார்ஜன்ட் அட்டையைப் பைலுக்குள் செருகியது அப்போதுதான் நினைவு வந்தது. சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணன், நிப்பாட்டவா?"

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நேற்றுப் பார்த்த மாட்டைக் காணவில்லை. மறிப்பதற்கு ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை.

"வேணாம் தம்பி, போ."

வேன் அந்த இடத்தைக் கடந்தது. அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. யோகமலர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஓட்டமாவடிப் பாலத்தில் விதுர்ஷாவின் அழைப்பு வந்தது.

"அப்பா! உங்கட ஐடென்டிக் கார்ட் பைலுக்க கிடக்கு. இப்பவே அனுப்பட்டா?"

"ஆறுதலா அனுப்பு மகள்," என்றார் வினாயகமூர்த்தி. "அவசரமில்ல."